காந்த பாக்டீரியா வருகிறதாம், கீமோவை நிறுத்தலாமா?

11-02-2024, இரவு 9.15 (கேள்வி)

அண்ணாச்சி, அவசரம். எங்க தாய்மாமாவுக்குப் பெருங்குடலில் கேன்சர். போன நவம்பரில் ஆபரேஷன் ஆச்சு. மூணாவது ஸ்டேஜ்னு சொன்னாங்க. மொத்தம் 12 கீமோ, 4 முடிஞ்சிருக்கு, அஞ்சாவது வர்ற வெள்ளி. குடும்ப குரூப்பில் யாரோ ஒரு வீடியோ போட்டுட்டாங்க. காந்தம் உள்ள பாக்டீரியா மருந்தைச் சுமந்துக்கிட்டு நேரா கேன்சர் கட்டிக்குள்ள போகுதாம், பக்கவிளைவே கிடையாதாம், கனடாவில் வந்தாச்சாம். மாமா அதையே பிடிச்சுக்கிட்டு, "இதுக்குக் காத்திருந்தா என்ன, இந்த எழவை நிறுத்திருவோம்"ங்கிறார். அத்தை அழுதுட்டே இருக்காங்க. நீங்க லேப்ல இருந்தவர். உண்மையா பொய்யா, ஒரு வார்த்தை சொல்லுங்க.

11-02-2024, இரவு 10.05

நிறுத்தக் கூடாது. வெள்ளிக்கிழமை மாமா போய் உட்காரட்டும்.

வீடியோ பொய் இல்லை. ஆனால் அது நடந்தது எலியில். மீதி நாளைக்கு.

12-02-2024, காலை 6.30

அந்த நீலக் கலர் அனிமேஷனையும் வயலினையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது நிஜமான ஒரு ஆய்வு. மாண்ட்ரியல் பாலிடெக்னிக்கில் சில்வான் மார்ட்டெல் என்பவருடைய குழு 2016-ல் வெளியிட்டது. மார்ட்டெல் டாக்டர் இல்லை, இன்ஜினியர். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

எம்சி-1 என்று ஒரு பாக்டீரியா. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு கழிமுகத்திலிருந்து எடுத்தது. உருண்டை வடிவம், ஒன்றிரண்டு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறுக்களவு. ஒரு பக்கம் இரண்டு கொத்தாக வால்கள். உடம்புக்குள் மேக்னடைட் துகள்கள் மணி கோர்த்தது மாதிரி வரிசையாக இருக்கும். மேக்னடைட் என்றால் நாம் சின்ன வயதில் ஆற்று மணலில் காந்தத்தை விட்டு எடுப்போமே, அந்தக் கறுப்புப் பொடி. அதே சரக்கு.

அந்த பாக்டீரியா ஒவ்வொன்றின் முதுகிலும் சுமார் 70 லிப்போசோம்களை ஒட்டினார்கள். லிப்போசோம் என்பது கொழுப்பால் ஆன நுண்ணிய உறை. உள்ளே எஸ்என்-38 என்ற மருந்து. இரினோடீகன் என்று ஒரு கீமோ மருந்து உண்டு, அது உடம்புக்குள் போய் மாறும்போது கிடைக்கும் வீரியமான வடிவம்தான் இது. மனிதப் பெருங்குடல் கேன்சர் செல்களை எலியின் உடம்பில் வளர்த்துக் கட்டியாக்கி, அந்தக் கட்டிக்குப் பக்கத்தில் ஊசி போட்டு, காந்தத்தை வைத்து பாக்டீரியாவைக் கட்டிக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். அதிகபட்சமாக 55 சதவீதம் பாக்டீரியா, கட்டியின் ஆக்சிஜன் இல்லாத உள்பகுதி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

55 சதவீதம் சின்ன விஷயம் இல்லை. அதே 2016-ல் டொராண்டோவில் வாரன் சான் குழு, பத்து வருடத்தில் வந்த நானோ மருந்து ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தது. ரத்தத்தில் ஏற்றும் நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேருவது பாதி ஆய்வுகளில் 0.7 சதவீதத்துக்கும் கீழே. நூறு ரூபாய் மணியார்டர் அனுப்பினால் எழுபது பைசா கைக்கு வந்த கதை. மற்றது ஈரலும் மண்ணீரலும் எடுத்துக்கொள்ளும்.

அந்த வீடியோக்காரன் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டான். ஒன்று கட்டி ஓரத்தில் குத்திய ஊசி, மற்றது ரத்தத்தில் ஏற்றியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதைச் சொல்லவில்லை.

12-02-2024, இரவு 8.50

உன் பின்னூட்டம் பார்த்தேன். "அப்போ மாமாவுக்கும் கட்டிக்குப் பக்கத்திலேயே ஊசி போடலாமே" என்று.

தம்பி, மாமாவுக்குக் கட்டி எங்கே இருக்கிறது? ஆபரேஷனில் எடுத்தாகிவிட்டது. இப்போது ஓடுகிற கீமோ, கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாமல் எங்கேயாவது ஒன்றிரண்டு செல் ஒளிந்திருந்தால் அதைத் தேடி அடிக்க. இலக்கு எங்கே என்று தெரியாதபோது எந்தப் பக்கம் காந்தத்தைக் காட்டுவாய்? உடம்பு முழுக்கச் சுற்றி வரும் மருந்துதான் இங்கே தேவை. காந்த பாக்டீரியா நாளைக்கே மருந்துக்கடைக்கு வந்தாலும் மாமாவின் வேலைக்கு அது ஆகாது. இதை நேற்றே முதல் வரியாகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பாக்டீரியா மேல் இருந்த ஆசையில் எலிக்குள் போய்விட்டேன்.

13-02-2024, மதியம் 2.20

திருத்தம். நேற்றுக் காலை "இழுத்துக்கொண்டு போனார்கள்" என்று எழுதினேன். தப்பு. முப்பது வருடம் லேபில் இருந்தவன் எழுதக்கூடாத தப்பு. எப்படி இந்தத் தப்பு என் விரலில் ஒட்டியது என்று சொல்கிறேன்.

1998. கல்லூரி நுண்ணுயிரியல் துறையில் நான் லேப் அசிஸ்டென்ட். எங்கள் பேராசிரியை ஒருநாள் ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். பிளேக்மோர் 1975-ல் எழுதிய கட்டுரை. மாசசூசெட்ஸ் உப்புச் சதுப்புச் சேற்றை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி மாணவர். சில பாக்டீரியாக்கள் எப்போதும் சொட்டின் ஒரே ஓரத்துக்கு ஓடுவதைக் கவனித்தார். வெளிச்சத்தைத் தேடுகிறதோ என்று முதலில் நினைத்தார். நுண்ணோக்கியைத் திருப்பிப் பார்த்தாலும், மூடி வைத்துப் பார்த்தாலும் அதே திசை. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார், எல்லாம் சொல்லிவைத்த மாதிரி திரும்பின. (இவருக்கு 12 வருடம் முன்னாலேயே, 1963-ல், இத்தாலியில் பவியா பல்கலைக்கழகத்தில் சால்வத்தோரே பெல்லினி என்பவர் இதையே பார்த்து எழுதியிருந்தார். இத்தாலிய மொழியில் எழுதியதால் யாரும் படிக்கவில்லை. தமிழில் எழுதுகிறவர்கள் பெருமூச்சு விடலாம்.)

பேராசிரியை சொன்னார், "நயினார்குளத்துல போய் ஒரு பாட்டில் சேறு எடுத்துட்டு வாங்க." நயினார்குளம் எங்கள் திருநெல்வேலியில் உள்ள குளம். எடுத்துவந்தேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சேறு, மேலே குளத்துத் தண்ணீர், இருட்டு அலமாரியில் இரண்டு வாரம். பிறகு சேறும் தண்ணீரும் சந்திக்கிற மட்டத்தில், பாட்டிலுக்கு வெளியே ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன். அரைமணி நேரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிப்பெட்டால் உறிஞ்சி ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் கறுப்பாகச் சின்னச் சின்னத் துகள்கள், காந்தத்தைக் காட்டினால் சர்ரென்று நகர்கின்றன. "மேடம், கிடைச்சிருச்சு!"

அவர் குனிந்து பார்த்தார். ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "காந்தத்தை எடுங்க" என்றார். எடுத்தேன். துகள்கள் நின்றுவிட்டன. "இது துரு," என்றார். "உயிருள்ளது காந்தத்தை எடுத்தாலும் நீந்தும்."

விஷயமே இதுதான். அந்தக் கறுப்புத் துருவைக் காந்தம் இழுக்கிறது. பாக்டீரியாவைக் காந்தம் இழுப்பதில்லை, திருப்புகிறது. உள்ளே கோர்த்திருக்கும் துகள் வரிசை ஒரு திசைகாட்டி முள். பூமியின் காந்தப்புலம், அதாவது 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா, அதைத் திருப்பவே போதும். திருப்பிய திசையில் போவது பாக்டீரியாவின் சொந்த வால், சொந்தச் சாப்பாடு, சொந்த உழைப்பு. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. கயிறா வண்டியை இழுக்கிறது?

மார்ட்டெல் இன்ஜினியர் என்று ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா. அவர் குழு 2007-ல் உயிருள்ள பன்றியின் கழுத்து ரத்தக்குழாயில் 1.5 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு ஒன்றை எம்ஆர்ஐ இயந்திரத்தால் ஓட்டிக்காட்டியது. அந்த அளவுக் குண்டை இழுக்கலாம். ஆனால் நுண்குழாய்க்குள் நுழைகிற அளவுக்குக் குண்டைச் சிறிதாக்கினால் இழுவிசை அதன் கன அளவோடு சேர்ந்து குறைந்துவிடுகிறது. விட்டம் பத்தில் ஒன்றானால் விசை ஆயிரத்தில் ஒன்று. உடம்புக்கு வெளியே இருந்து எவ்வளவு பெரிய காந்தம் வைத்தாலும் கட்டுப்படியாகாது. அப்போதுதான் சொந்த மோட்டார் உள்ள ஆளைத் தேடி பாக்டீரியாவிடம் போனார்கள்.

13-02-2024, மதியம் 2.41

அப்படியானால் எம்ஆர்ஐ-க்குள்ளேயே பாக்டீரியாவையும் ஓட்டலாமே என்று கேட்காதே. எம்ஆர்ஐ-யின் 1.5 டெஸ்லா எப்போதும் ஒரே திசையில் இருக்கும். அதற்குள் போனால் எல்லாப் பாக்டீரியாவும் அந்தத் திசையைப் பார்த்து விறைத்து நிற்கும், திருப்ப முடியாது. ஆகவே தனியாகக் கம்பிச்சுருள் கட்டமைப்பு, மிகச் சின்னப் புலம்.

14-02-2024, இரவு 11.10

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். எம்சி-1 நன்றாக நீந்தினால் நொடிக்கு 200 முதல் 300 மைக்ரான். தன் உடம்பு அளவைவிட நூறு மடங்குக்கு மேல், ஒரே நொடியில். மனிதனை அப்படி ஓடவிட்டால் ரயிலை முந்துவான். ஆனால் நம் கணக்கில் மணிக்கு ஒரு மீட்டர். நுண்குழாயிலேயே ரத்தம் நொடிக்கு அரை மில்லிமீட்டர் போல ஓடுகிறது, பெரிய குழாயில் கேட்கவே வேண்டாம். ஐப்பசி வெள்ளத்தில் தாமிரபரணியை எதிர்த்து நீந்துகிற கதை. எனவேதான் கட்டி ஓரத்தில் ஊசி. காரணமில்லாமல் செய்யவில்லை.

இன்னொன்று, மனித உடல் சூடு அதற்கு ஆகாது. அரைமணி, முக்கால் மணியில் சோர்ந்துவிடும். குறை மாதிரி தெரிகிறது. ஆனால் உள்ளே போய்க் குட்டி போட்டுப் பெருகி உட்கார்ந்துகொள்ளாது என்று அவர்கள் இதையே நல்லதாகப் பார்க்கிறார்கள். வந்த வேலை முடிந்ததும் செத்துப்போகிற கூலியாள். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

16-02-2024, இரவு 7.00

மாமா போய்விட்டு வந்தார் என்று எழுதியிருந்தாய். நல்லது. கீமோ மருந்து ஏற்றும் பம்ப்பை இடுப்புப் பையில் மாட்டி 46 மணி நேரம் விடச் சொல்லியிருப்பார்கள். தூங்கும்போது டியூப் மடங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

18-02-2024, காலை 9.45

இன்னொருவர் கேட்டிருக்கிறார், கட்டிக்குள் ஏன் ஆக்சிஜன் இல்லை, பாக்டீரியாவுக்கு அது எப்படித் தெரியும் என்று. நல்ல கேள்வி.

எங்கள் ஊருக்கு மேற்கே அப்ரூவல் இல்லாத லேஅவுட் ஒன்று உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது நான்கு வீடு, இப்போது நானூறு. ரோடு கிடையாது, குழாய் கிடையாது. முன்னால் இருக்கும் இரண்டு தெருவுக்குத் தண்ணி லாரி போகும். உள்தெருவுக்கு லாரி திரும்பாது. கட்டியும் அதேதான். செல்கள் பெருகும் வேகத்துக்கு ரத்தக்குழாய் ஈடுகொடுக்காது. குழாயிலிருந்து 100, 150 மைக்ரான் தள்ளிப் போனாலே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே உள்ள செல்கள் சாகாமல், பெருகாமல், அரைமயக்கத்தில் கிடக்கும். ஆக்சிஜன் இல்லாததால் ரேடியேஷனுக்கும் சரியாக மசியாது. ரத்தம் போகாத இடத்துக்கு ரத்தத்தில் ஏற்றிய மருந்து மட்டும் எப்படிப் போகும்? பல பேருக்குக் கட்டி சுருங்கித் திரும்ப வளர்வதில் இந்த உள்தெருக்காரர்களுக்குப் பங்கு உண்டு.

எம்சி-1 சேற்றில் வாழ்வது. சேற்றிலும் மேலே போனால் ஆக்சிஜன் அதிகம், கீழே போனால் சுத்தமாக இல்லை, நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் அதற்குப் பிடித்த அளவு, அரை சதவீதம் போல. அந்த அடுக்கைத் தேடி மேலும் கீழுமாக அலைகிற ஜீவன். நாலாபக்கமும் தேடாமல் ஒரே கோட்டில் மேலே கீழே மட்டும் தேடினால் வேலை மிச்சம், அதற்குத்தான் காந்தமுள். ஆக மாண்ட்ரியலில் காந்தம் செய்தது தெருமுனை வரை வழிகாட்டுவது. உள்தெருவுக்குள் நுழைந்து சரியான வீட்டைக் கண்டுபிடித்தது பாக்டீரியாவின் மூக்கு. லாரி போகாத சந்தில் தண்ணி கேன் ஏற்றிய டிவிஎஸ் 50 நுழைகிற மாதிரி.

இந்த உவமையை என் மகளிடம் சொன்னேன். "டிவிஎஸ் 50 ஓட்டுறவன் முக்கால் மணி நேரத்துல செத்துருவானாப்பா?" என்கிறாள். உவமையை இத்தோடு நிறுத்துகிறேன்.

18-02-2024, மாலை 5.30

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். விளம்பர வாசனை அடிக்கிறது. ஒரு பக்கமே எழுதியிருக்கிறேன்.

அந்த எலிகள் சாதாரண எலிகள் இல்லை. மனிதக் கட்டி அதன் உடம்பில் வளரவேண்டும் என்பதற்காக எதிர்ப்புசக்தி பெரும்பகுதி இல்லாத ரகம். அந்நிய பாக்டீரியா நுழைந்தால் சண்டைபோட அங்கே ஆள் குறைவு. நமக்கு முழுப் படையே இருக்கிறது. எம்சி-1 கிராம்-நெகட்டிவ் வகை, அதன் மேல்தோலில் உள்ள நச்சு நம் ரத்தத்தில் கொஞ்சம் அதிகமாகக் கலந்தாலே குளிர்ஜுரம், ரத்த அழுத்தம் சரிவு. கீமோவில் வெள்ளையணு விழுந்து கிடக்கிறவருக்கு அது விளையாட்டில்லை. இரண்டாவது ஊசி போடும்போது உடம்பு முதல் ஊசியை ஞாபகம் வைத்திருக்குமா என்ற கேள்வியை அந்த எலியிடம் கேட்கவே முடியாது.

23-02-2024, இரவு 10.00

"கேன்சருக்கு பாக்டீரியாவை உடம்பில் விடுவதா, பைத்தியக்காரத்தனம்" என்று ஒருவர் கொதித்திருக்கிறார். ஐயா, உங்கள் இடது தோளைப் பாருங்கள். அந்தத் தழும்பு பிசிஜி, காசநோய்த் தடுப்பூசி. அதே பிசிஜி, உயிருள்ள பாக்டீரியாதான், மூத்திரப்பையில் மேலோட்டமாக வரும் கேன்சருக்கு இன்றைக்கும் மருந்து. 1976-ல் கனடாவில் ஆல்வாரோ மொராலெஸ் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதியதில் ஆரம்பம். வாரம் ஒன்றாக ஆறு வாரம் குழாய் வழியாகப் பைக்குள் விடுவார்கள். எங்கள் பெரியப்பாவுக்குப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம் அடக்கி வைக்கவேண்டும், அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. பஸ்ஸில் வரமாட்டேன் என்று அடம்பிடித்து ஆட்டோவில்தான் வருவார். அப்புறம் எட்டு வருடம் இருந்தார், போனது மாரடைப்பில்.

இதற்கும் முன்னால், 1891-ல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர் கட்டிக்குள் வேண்டுமென்றே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைக் குத்திப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது, சிலர் காய்ச்சலிலேயே போனார்கள்.

ஆனால் கொதித்தவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2002-ல் பல்லைப் பிடுங்கிய, அதாவது வீரியம் குறைத்த, சால்மோனெல்லா பாக்டீரியா ஒன்றை 25 நோயாளிகளுக்கு ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். எலியில் அது கட்டியைத் தேடிப் போய்க் குடியேறியது. மனிதரில் மூன்று பேருக்குத்தான் கட்டியில் குடியேறியது, ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை. எலியில் ஆயிரம் நடக்கும்.

02-03-2024, மதியம் 12.15

பாக்டீரியா வேண்டாம், அதன் வயிற்றில் உள்ள காந்தத் துகளை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? இதைத்தான் வேறு சில குழுக்கள் செய்கின்றன. அந்தத் துகளுக்கு மேக்னட்டோசோம் என்று பெயர். இதில் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு.

தொழிற்சாலையில் இரும்பு ஆக்சைடு நானோ துகள் செய்தால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிப்போகும். பாக்டீரியா செய்வது அச்சில் வார்த்த மாதிரி. 35 நானோமீட்டருக்குக் கீழே போனால் காந்தம் நிலைக்காது, 120-க்கு மேல் போனால் உள்ளேயே பல திசைக் காந்தங்களாகப் பிரிந்துவிடும். சரியாக இந்த இடைவெளிக்குள் செய்கிறது. மேலே தானே கொழுப்புச் சவ்வும் போர்த்திக் கொடுக்கிறது, அதில் மருந்தை ஒட்டுவது சுலபம். கோடிக்கணக்கான வருடம் ஒரே வேலையைச் செய்தவனின் கைநேர்த்தி.

சீனாவில் 2007-ல் செய்த வேலை ஒன்று. மேக்னட்டோசோமில் டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்தை ஏற்றி, ஈரல் கேன்சர் எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டியை அடக்கியது 86.8 சதவீதம், வெறும் மருந்து மட்டும் கொடுத்ததில் 78.6. நான் முதலில் படித்தபோது, "எட்டு சதவீதத்துக்கா இவ்வளவு பாடு?" என்று மூடி வைத்துவிட்டேன். போன வாரம் திரும்ப எடுத்தேன். அடுத்த வரியைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். வெறும் மருந்து கொடுத்த எலிகளில் 80 சதவீதம் செத்துவிட்டது. மேக்னட்டோசோமில் ஏற்றிக் கொடுத்ததில் 20 சதவீதம். கட்டி அடங்கி எலி செத்தால் யாருக்கு லாபம்? கேன்சர் கட்டுரை படிக்கிறவர்கள் கட்டி எண்ணோடு நிறுத்தாமல் சாவு எண்ணையும் பாருங்கள். எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அதைவிட, பிரான்சில் அல்ஃபாண்டெரி என்பவர் குழு மருந்தே இல்லாமல் துகளைக் கட்டியில் ஏற்றி மாறுகாந்தப் புலத்தில் (திசை மாறி மாறி வரும் காந்தப்புலம்) வைத்துச் சூடாக்கியது, 2011-ல். தனித்தனித் துகளைவிடக் கோர்த்த மணிமாலையாகவே கொடுத்தால் நன்றாக வேலை செய்தது. பாக்டீரியா சும்மா கோர்த்துவைக்கவில்லை.

வளர்க்கிற பாடு தனி. எங்கள் துறையில் காந்த பாக்டீரியாவின் ஜெர்மானிய ரகத்தை வளர்க்க ஒரு திட்டம் வந்தது. கிரைஃப்ஸ்வால்ட் ஊரின் ரிக் ஆற்றுச் சேற்றிலிருந்து எடுத்த ரகம், பெயரிலேயே அந்த ஊர் இருக்கும். காற்று கொஞ்சம் அதிகமானால் பாக்டீரியா வளரும், காந்தம் செய்யாது. காற்று சுத்தமாக இல்லையென்றால் வளர்ச்சி மந்தமாகிவிடும். பாட்டில் மூடி, நைட்ரஜன் சிலிண்டர், இரவு பகலாகக் காவல். கறுத்த பாட்டில் கிடைத்தால் கோவிலுக்குத் தேங்காய். ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போய், ஜெனரேட்டரில் டீசல் இல்லாமல், திங்கள்கிழமை வந்து பார்த்தால் எல்லாப் பாட்டிலும் பால் வெள்ளை. நான்கு மாத வேலை. டீசல் பில்லில் கையெழுத்துப் போடவேண்டியவர் லீவில் இருந்தாராம். இன்றைக்கும் வெள்ளையான பாட்டிலைக் கண்டால் வயிறு கலங்கும்.

09-03-2024, இரவு 9.20

"இது மனுஷனுக்கு வந்ததே இல்லையா?" என்று கேட்டிருக்கிறாய். பாக்டீரியா இல்லாத இரும்புத் துகள் வந்திருக்கிறது. ஜெர்மனியில் நானோதெர்ம் என்று ஒன்று, 2010-ல் மூளைக் கட்டிக்கு ஐரோப்பிய அனுமதி வாங்கியது. துகளை நேராகக் கட்டிக்குள் குத்தி, மாறுகாந்தப் புலத்தில் வைத்துச் சூடாக்குவது. ஒரு சின்ன விவரம் எனக்குள் அப்படியே நின்றுவிட்டது: புலத்துக்குப் பக்கத்தில் உலோகமே இருக்கக்கூடாது என்பதால் நோயாளியின் பல்லில் அடைத்த வெள்ளி, கட்டிய பல், எல்லாவற்றையும் முதலில் பிடுங்கவேண்டும். மூளையில் கட்டி உள்ளவர் பல் டாக்டர் வாசலில் போய்க் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடத்தை எம்ஆர்ஐ-யிலும் ஒழுங்காகப் பார்க்கமுடியாது, இரும்பு படத்தைக் கறுப்பாக்கிவிடும். அந்த கம்பெனி 2022-ல் திவால் மனு கொடுத்தது.

அனுமதி வேறு, ஆஸ்பத்திரி வேறு, வியாபாரம் வேறு. எலிக்கு அடுத்து இத்தனை வாசல் இருக்கிறது.

17-03-2024, காலை 8.00

"அப்போ காந்தப் படுக்கை வாங்கலாமா, ரத்தத்தில் இரும்பு இருக்கே" என்று ஒரு புண்ணியவான். எனக்குப் பழைய புண்.

2011-ல் எங்கள் அப்பா கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனார். டீ, பிஸ்கட், ஒரு கோட் சூட். திரும்பி வரும்போது மெத்தைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். மெத்தை ஒரு லட்சத்துச் சொச்சம். உள்ளே முழுக்கக் காந்தம், ரத்தத்தில் உள்ள இரும்பு சுழன்று ஓடுமாம். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. ரத்தத்தில் உள்ள இரும்பு ஆணி மாதிரி இரும்பு இல்லை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் இழுக்காது, மிக லேசாகத் தள்ளவே செய்யும். இழுக்குமென்றால் எம்ஆர்ஐ-க்குள் போனவர் பாடு என்ன ஆகும்? அப்பா மெத்தையைப் பிரித்து ஒரு காந்தத்தை எடுத்து என்னிடம் நீட்டினார், "உன் லேபுக்கு ஆகுமா பாரு." அதில் ஊக்குகூட ஒட்டவில்லை.

மாமாவிடம் இதைச் சொல். சிரிப்பார்.

31-03-2024, மாலை 6.40

மாமாவுக்கு வெள்ளையணு குறைந்து ஏழாவது சிட்டிங்கை ஒரு வாரம் தள்ளிப் போட்டதாக எழுதியிருந்தாய். தள்ளியது டாக்டர்தானே, மாமா இல்லையே? அப்படியென்றால் பயப்படாதே. நிறைய பேருக்கு நடப்பது.

இன்று ஞாயிறு. மகளுடைய பையன் லீவுக்கு வந்திருக்கிறான், எட்டாம் வகுப்பு. பழைய ஆசை, மறுபடி நயினார்குளத்துச் சேறு. இரண்டு வாரம் முன்னாலேயே ஜாம் பாட்டிலில் எடுத்து வைத்திருந்தேன். துறையில் கழித்துக்கட்டியபோது நான் வாங்கிவந்த பழைய நுண்ணோக்கி, அதில் கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் பையனின் செல்போன் கேமரா. இந்தத் தடவை ஏமாறவில்லை, முதலில் துருவைக் காந்தத்தால் எடுத்துக் கொட்டிவிட்டேன்.

துளியின் ஓரத்தில் பத்துப் பதினைந்து. சின்னப் பொட்டுகள். காந்தத்தைத் திருப்பிப் பிடித்தேன். எல்லாம் யு-டர்ன் அடித்து, வந்த திசைக்கு எதிர்த்திசையில் கிளம்பின. பையன், "தாத்தா, ரிமோட் கார்!" என்றான். காந்தத்தை எடுத்துவிட்டு ஒதுங்கி நில், இப்போதும் ஓடுகிறதா பார் என்றேன். ஓடின. அதைச் சொல்ல 26 வருடம் ஆகியிருக்கிறது எனக்கு.

ஆனால் ஒரு விஷயம் கவனித்தேன். காந்தம் ஒரு பக்கம் இருக்கும்போது எல்லாம் ஒரே ஓரத்துக்குப் போகவில்லை. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். முதலில் குழம்பினேன், பிறகு சிரித்துவிட்டேன். வட அரைக்கோளத்தில் இந்த பாக்டீரியா பெரும்பாலும் வடக்கே நீந்தும். அங்கே காந்தக்கோடு சாய்ந்து தரைக்குள் இறங்குவதால் வடக்கே போனாலே சேற்றுக்குள் கீழே போனதாகும். தென் அரைக்கோளத்தில் தலைகீழ், தெற்கே நீந்துவது அதிகம். காந்த நடுக்கோட்டில் கோடு படுத்துக் கிடக்கிறது, மேல் கீழ் கிடையாது. 1981-ல் பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பார்த்தபோது இரண்டு ரகமும் ஏறக்குறைய சமமாக இருந்தன. நம் நாட்டில் அந்தக் காந்த நடுக்கோடு போவது தென்முனையை ஒட்டித்தான். பூமிக்காந்த ஆய்வு நிலையம் திருநெல்வேலியில் இருப்பது சும்மா இல்லை. எங்கள் குளத்துப் பாக்டீரியா இரண்டு கட்சியாக இருப்பதில் ஆச்சரியம் என்ன? பத்துப் பதினைந்து பொட்டை வைத்து முடிவு கட்டக்கூடாதுதான், இருந்தாலும்.

31-03-2024, இரவு 9.55

இதிலும் ஒரு பாடம் இருக்கிறது, விட்டுவிட்டேன். ஊசியில் ஏற்றுகிற பாக்டீரியாவில் பாதி எதிர்க்கட்சி என்றால் பாதி மருந்து கட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும். எல்லாம் ஒரே திசைக்காரர்களாக இருக்கும்படி முதலில் பொறுக்கி எடுக்கவேண்டும்.

அதனால்தானோ என்னவோ, சூரிச்சில் சிமோன் ஷூர்லே குழு 2022-ல் வேறு வழி போயிருக்கிறது. பாக்டீரியாவுக்குத் திசை காட்டாமல், சுழலும் காந்தப்புலத்தில் அதையே பம்பரமாகச் சுற்றவிடுவது. சுழன்று உருண்டு ரத்தக்குழாய்ச் சுவரின் இடுக்கில் நுழைகிறது. எந்தக் கட்சியாக இருந்தாலும் பம்பரம் பம்பரம்தான். அதுவும் இப்போதைக்கு எலி வரைதான்.

14-04-2024, காலை 7.10

புத்தாண்டு வாழ்த்து. எட்டு முடிந்தது, இன்னும் நான்கு என்றாய்.

விரல் மரத்துப்போவதும், குளிர்ந்த தண்ணி தொட்டால் ஷாக் அடிப்பதும் கீமோவில் உள்ள ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்தின் வேலை. டாக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல். சட்டை பட்டன் போட முடிகிறதா, பேனா பிடிக்க முடிகிறதா என்று அவர் கேட்பார். மாமா வீராப்பாக "ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லிவிடப் போகிறார், பக்கத்தில் அத்தை இருக்கட்டும். தேவையானால் அவர்களே அளவைக் குறைப்பார்கள். நாமாகக் குறைக்கக் கூடாது.

இன்றைக்குப் பானகம் கரைப்பீர்கள். அறைச்சூட்டுத் தண்ணீரில் கரைக்கச் சொல், ஐஸ் வேண்டாம். ஃப்ரிட்ஜைத் திறப்பதாக இருந்தால் கையுறை.

ஜாம் பாட்டிலை என் வீட்டம்மா கேட்கிறாள், மாங்காய் ஊறுகாய் போட. கொடுக்க மனசில்லை.